பழைய கணினியில் லினக்ஸ் மின்ட்: உப்புக்காற்று ஊர்க்காரருக்கு ஒரு செய்முறைக் கையேடு

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு வின்டோஸ் 10-க்கான வழமையான ஆதரவு முடிந்துவிட்டது. வின்டோஸ் 11-க்குப் போகலாமென்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் புரொசசர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சொந்தக்காரர் விட்டுப்போன லப்டொப், கந்தோரில் கழித்துவிட்ட டெஸ்க்டொப், கொரோனாக் காலத்தில் பிள்ளையின் ஒன்லைன் வகுப்புக்கென்று வாங்கிய செகண்ட் ஹாண்ட் மெஷின் எல்லாம் இந்த வரம்புக்கு வெளியேதான் நிற்கும்.

தூக்கி எறியத் தேவையில்லை. லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் பிரவுசர், கடிதம், கணக்குத்தாள், சூம் வகுப்பு, படம் பார்ப்பது எல்லாம் நடக்கும். இன்ஸ்டோல் பண்ணுவது அரை மணி நேர வேலை. ஆட்கள் மாட்டிக்கொள்வது அதற்கு முன்னே கவனிக்காமல் விட்டதிலும் பின்னே செய்யாமல் விட்டதிலும்தான். ஆகவே இங்கே அந்த இரண்டுக்கும் கூடுதல் இடம்.

யாருக்குச் சரிவராது

பேஜ்மேக்கர், போட்டோஷொப், கோரல் ட்ரோ ஓடுகிற அச்சக மெஷினைத் தொடாதீர்கள். வைன் என்ற சொப்ட்வெயர் மூலம் சில வின்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓட்டலாம். ஆனால் நாளைக் காலையில் கல்யாணக் காட் அடித்துக் கொடுக்க வேண்டிய கடைக்கு 'சிலவேளை ஓடும்' என்பது பதிலல்ல. கடையில் பில் போடுகிற சொப்ட்வெயரும், கணக்கு வைக்கிற சொப்ட்வெயரும் அப்படித்தான்; விற்றவரிடம் லினக்ஸுக்கு உண்டா என்று கேட்காமல் மாறக்கூடாது. மற்றப்படி வீட்டுப் பாவனை, படிப்பு, சாதாரணக் கந்தோர் வேலைக்குத் தயங்க ஒன்றுமில்லை. உயர்தரத்தில் ஐ.சி.ரி. படிக்கிற பிள்ளைக்கு ஒரு வசதியும் உண்டு: பைதன் தனியாகப் போடத் தேவையில்லை, கூடவே வரும்.

மெஷினின் சாதகம் பார்ப்பது

வின்டோஸ் இன்னும் திறக்கிறதென்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்று போங்கள். ரேம் எத்தனை ஜி.பி. என்று தெரியும். கீழே 'சிஸ்டம் டைப்' என்று ஒரு வரி இருக்கும். அதன் முதல் பாதி வின்டோஸைப் பற்றியது, இரண்டாம் பாதி புரொசசரைப் பற்றியது. 32-பிட் ஒபரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 புரொசசர் என்று கிடந்தால் புரொசசர் 64-பிட்தான். யாரோ அதற்கு 32-பிட் வின்டோஸ் போட்டு வைத்திருக்கிறார். 64-பிட் லினக்ஸ் தாராளமாகப் போடலாம். இந்த ஒரு வரியைத் தவறாக வாசித்து நல்ல மெஷினைக் கழிக்கிறவர்கள் உண்டு.

8 ஜி.பி. ரேம் இருந்தால் மின்டின் சினமன் பதிப்பு. 4 ஜி.பி. என்றால் எக்ஸ்.எஃப்.சி.ஈ. பதிப்பு, பழைய மெஷினுக்கு இதுதான் எங்கள் தெரிவு. 2 ஜி.பி.தான் மின்ட் கேட்கிற ஆகக் குறைந்த அளவு. அதில் டெஸ்க்டொப் திறக்கும், லிப்ரே ஒஃபிஸில் கடிதம் அடிக்கலாம், ஆனால் பிரவுசரில் நாலு டாப் திறந்தவுடன் இழுக்கத் தொடங்கிவிடும். ரேம் கூட்டுங்கள், முடியாவிட்டால் அன்டிஎக்ஸ் என்ற இன்னும் இலேசான லினக்ஸைப் போடுங்கள். உண்மையான 32-பிட் புரொசசரோ 1 ஜி.பி. ரேமோ உள்ள மெஷினுக்கு அன்டிஎக்ஸின் 32-பிட் பதிப்புத்தான் கதி. உபுண்டு என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட மின்ட் 20ஆம் பதிப்போடு 32-பிட்டை விட்டுவிட்டது; 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற இன்னொரு லினக்ஸிலும் 32-பிட் இன்ஸ்டோலர் கிடையாது. அப்படிப்பட்ட மெஷினுக்கு ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள்.

செலவழிக்கப் பெறுமதியான மெஷினில் இரண்டு மாற்றங்கள் மட்டும் போதும்: ரேம், எஸ்.எஸ்.டி. கையில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறதென்றால், ரேம் 4 ஜி.பி.க்குக் குறைவாயிருந்தால் முதலில் ரேம். 4 இருந்தால் முதலில் எஸ்.எஸ்.டி. சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு நிமிடம் எடுத்துத் திறக்கிற லப்டொப், சாதாரண 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. போட்டதும் அரை நிமிடத்துக்குள் திறந்துவிடும். 240 ஜி.பி. தாராளம், 120-உம் போதும். ரேம் வாங்கப் போகும்போது பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். டி.டி.ஆர்.3 என்றால் லேபலில் பி.சி.3 என்று இருக்கிறதா, பி.சி.3எல் என்று இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எல் எழுத்து 1.35 வோல்ட்டைக் குறிக்கும். எல் இல்லாதது 1.5 வோல்ட். நாலாம் தலைமுறை இன்டெல்லிலிருந்து வந்த லப்டொப்கள் பெரும்பாலும் 1.35-ஐத்தான் ஏற்கும். 1.5 வோல்ட் துண்டை அதில் போட்டால் திரை கறுப்பாகவே நிற்கும்.

கழற்றித் துடைப்பது

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என்று கரையோடு இருக்கும் வீடுகளிலும், மூதூர், கிண்ணியாப் பக்கத்திலும், ஏன் நகருக்குள்ளும், கணினிக்குள் போவது தூசி மட்டுமல்ல. உப்பும் ஈரமும் சேர்ந்து உலோகத் தொடுமுனைகளில் படலமாகப் படியும். இதனால் வரும் குழப்பம் விசித்திரமானது. மெஷின் ஒருநாள் திறக்கும், ஒருநாள் பீப் அடித்துவிட்டு நிற்கும். இன்ஸ்டோல் நடுவழியில் உறையும். ஃபைல் கறப்ட் என்று பிழை வரும். பென் ட்ரைவைக் குறைசொல்லி மூன்று முறை திரும்ப எழுதிப் பார்ப்பார்கள். கோளாறு ரேமின் காலில் இருக்கும்.

கரண்ட் வயரைப் பிடுங்குங்கள். லப்டொப் என்றால் பற்றரியையும் எடுங்கள். உள்ளே பொருத்திய பற்றரி என்றால் மூடியைத் திறந்ததும் அதன் கனெக்டரை முதலில் கழற்ற வேண்டும். பவர் பட்டனைப் பத்து செக்கன் அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரம் வடியும். ரேமின் இரண்டு பக்கக் கிளிப்பையும் விலக்கினால் அது சரிந்து எழும். ஓரத்தில் வரிசையாக இருக்கும் பொன்னிறக் கால்களைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள்: நல்லது பளிச்சென்று இருக்கும், உப்புப் பட்டது மங்கி, இடையிடையே கபில நிறப் புள்ளி விழுந்திருக்கும். பாடசாலைப் பிள்ளைகள் பாவிக்கும் வெள்ளை அழிறப்பரால் கால்களின் நீளவாக்கில், உள்ளிருந்து விளிம்பு நோக்கி மெல்லத் தேயுங்கள். அழிறப்பரில் கறுப்புக் கோடு கோடாக இறங்கும். தூளைச் சின்னப் பெயின்ட் பிரஷால் தட்டிவிட்டு, ஐசோபுரோபைல் அற்ககோல் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்து, காய்ந்தபின் திரும்பப் பொருத்துங்கள். கிளிப் 'டிக்' என்று விழ வேண்டும். விழாவிட்டால் சரியாக இருக்கவில்லை. தண்ணீரோ ஈரத் துணியோ கிட்டவும் வரக்கூடாது.

டெஸ்க்டொப் என்றால் ஹார்ட் டிஸ்க் வயரின் இரண்டு முனைகளையும் கழற்றி மாட்டுங்கள். பவர் சப்ளைப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்; வயர் பிடுங்கிய பின்னும் அதன் கப்பாசிட்டர்களில் மின்சாரம் நிற்கும். பல்லி, எறும்பு புகுந்ததென்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள், அல்லது பெட்டியையே மாற்றுங்கள்.

மதர்போர்ட்டில் வட்டமாக ஒரு பற்றரி இருக்கும்: சி.ஆர்.2032, 3 வோல்ட். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் திகதி பல வருடம் பின்னால் போய் நிற்கிறதென்றால் அது செத்துவிட்டது. சின்ன விடயம்போலத் தெரியும். ஆனால் திகதி பிழைத்தால் பிரவுசர் எந்தத் தளத்தையும் பாதுகாப்பற்றதென்று மறிக்கும், அப்டேட்டும் இறங்க மறுக்கும். இன்டர்நெட் கோளாறென்று நினைத்து ரூட்டரை அணைத்து அணைத்துப் போடுவதில் பயனில்லை. இன்ஸ்டோலுக்கு முன்னரே பற்றரியை மாற்றிவிடுங்கள்.

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வெக்கை வேறு. இன்ஸ்டோல் நடக்கையில் புரொசசர் முழு மூச்சில் வேலை செய்யும். விசிறியின் வாய் அடைபட்டிருந்தால் சூடேறி, எச்சரிக்கை எதுவுமில்லாமல் மெஷின் அணையும். லப்டொப்பில் விசிறிக்கும் செப்புத் தகடுக்கும் நடுவே தூசி கம்பளித் துண்டுபோல அடையாக இருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது அசையாது, மூடியைத் திறந்து எடுக்க வேண்டும். புளோவர் அடிக்கும்போது விசிறி சுழலாமல் பல்லுக்குச்சியால் தடுத்துப் பிடியுங்கள். பத்து வருடப் பழசென்றால் தேர்மல் பேஸ்ட்டும் காய்ந்துபோயிருக்கும், புதிதாகப் பூசுங்கள்.

அழிக்கும் முன் எடுக்க வேண்டியவை

டொக்கியுமென்ட்ஸ், டெஸ்க்டொப், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் போல்டர்களை வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ பெரிய பென் ட்ரைவிலோ கொப்பி எடுப்பது யாருக்கும் தெரியும். மறப்பது வேறு: பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்ட்களும் புக்மார்க்குகளும், சி ட்ரைவின் வேரிலேயே யாரோ உருவாக்கி வைத்த போல்டர், அவுட்லுக்கில் இறக்கிய மின்னஞ்சல் ஃபைல்.

இன்னொன்று நம் ஊரில் அதிகம் காண்பது: பாமினி. பாடசாலை வினாத்தாள், கோயில் நோட்டீஸ், சங்கக் கடிதம் என்று பழைய வேர்ட் ஃபைல்களில் பெரும்பகுதி பாமினி எழுத்துருவில் அடித்தவை. அது யூனிகோட் அல்ல. எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தெரியும், ஃபைல் பழுதென்று நினைத்து அழித்துவிடுவார்கள். வின்டோஸின் ஃபொன்ட்ஸ் போல்டரைத் திறந்து பாமினியையும், பாவித்த மற்றத் தமிழ் எழுத்துருக்களையும் கொப்பி எடுத்து வையுங்கள். மின்ட் போட்டபின் அந்த ஃபைலை இரட்டைக் கிளிக் செய்தால் இன்ஸ்டோல் பட்டன் வரும், அவ்வளவுதான்.

கொப்பி எடுத்ததை இன்னொரு கணினியில் திறந்து பாருங்கள். பிறகு அந்த டிஸ்க்கைக் கழற்றி அலுமாரியில் வையுங்கள். இன்ஸ்டோல் நேரத்தில் அது செருகியபடி இருக்கவே கூடாது. எந்த டிஸ்க்கை அழிப்பது என்று இன்ஸ்டோலர் கேட்கும்போது தவறான பெயரைத் தட்டினால் பக்கப் பிரதியே போய்விடும்.

பென் ட்ரைவ்

மின்டின் உத்தியோகபூர்வத் தளத்திலிருந்து 22ஆம் வரிசையில் கடைசியாக வந்த பதிப்பை இறக்குங்கள். இதற்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. மின்ட் முழுவதும் அடங்கிய அந்த ஐ.எஸ்.ஓ. ஃபைல் ஏறத்தாழ 3 ஜி.பி. இரவு டேட்டா தனியாகத் தரும் பக்கேஜ் என்றால் நடுச்சாமத்துக்குப் பிறகு இறக்குவது புத்தி. நிலாவெளிப் பக்கம் சிக்னல் விட்டு விட்டு வரும் வீடென்றால் டொரன்ட் மூலம் இறக்குங்கள். அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும், பிழையான துண்டைத் தானே திரும்ப எடுத்துக்கொள்ளும்.

8 ஜி.பி. பென் ட்ரைவ் போதும். அதிலிருப்பது முழுக்க அழியும். வின்டோஸில் ரூஃபஸ் என்ற சின்ன சொப்ட்வெயரைத் திறந்து, பென் ட்ரைவையும் ஐ.எஸ்.ஓ. ஃபைலையும் தெரிவு செய்யுங்கள். ஃபைலைத் தெரிந்ததும் பக்கத்தில் ஒரு சரி அடையாளப் பட்டன் வரும். அதை அழுத்தினால் எஸ்.எச்.ஏ.256 என்ற 64 எழுத்து வரிசையைக் கணக்கிட்டுக் காட்டும். மின்ட் தளத்தில் தந்திருக்கும் வரிசையோடு ஒப்பிடுங்கள். முதல் எட்டும் கடைசி எட்டும் ஒத்தால், அரைகுறையாக இறங்கிய ஃபைல் அல்ல என்று தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு இன்ஸ்டோல் எண்பது வீதத்தில் நின்றபின் தலையைப் பிய்ப்பதில் அர்த்தமில்லை.

பார்ட்டிஷன் ஸ்கீம் என்ற இடத்தில் எம்.பி.ஆர். வையுங்கள், மெஷினைத் தொடக்கிவைக்கும் அடிப்படை சொப்ட்வெயர் பழைய பயோஸாக இருந்தாலும் புதிய யூ.ஈ.எஃப்.ஐ.யாக இருந்தாலும் திறக்கும். ஸ்டார்ட் கொடுத்ததும் ஐ.எஸ்.ஓ. முறையா டி.டி. முறையா என்று கேட்டால் முதலில் ஐ.எஸ்.ஓ. அதில் எழுதியது திறக்க மறுத்தால் டி.டி. முறையில் திரும்ப எழுதுங்கள். டி.டி. முறையில் எழுதிய பென் ட்ரைவை வின்டோஸில் செருகினால் ஃபோமட் பண்ணவா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பென் ட்ரைவிலிருந்து திறப்பது

மெஷினை முழுதாக அணைத்து, பென் ட்ரைவைச் செருகி, பவர் பட்டனைத் தட்டியவுடன் பூட் மெனு விசையைப் படபடவென்று தட்ட வேண்டும். டெல், லெனோவோ, தோஷிபா பெரும்பாலும் எஃப்12. எச்.பி. என்றால் எஸ்கேப் தட்டி, மெனு வந்ததும் எஃப்9. அசுஸ் லப்டொப்பில் எஸ்கேப், அசுஸ் மதர்போர்ட் உள்ள டெஸ்க்டொப்பில் எஃப்8. ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பல மொடல்களில் முதலில் எஃப்2 தட்டி பயோஸுக்குள் போய் எஃப்12 பூட் மெனுவை இயலச் செய்தால்தான் வேலை செய்யும். நேரம் தவறி வின்டோஸ் திறந்துவிட்டால், ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். யூ.ஈ.எஃப்.ஐ. மெஷின் என்றால் அடுத்து வரும் நீலத் திரையில் சாதனத்தைத் தெரிவு செய்யலாம்.

பென் ட்ரைவ் பட்டியலிலேயே வரவில்லையென்றால் நீல நிற யூ.எஸ்.பி. துளையை விட்டுக் கறுப்பில் செருகுங்கள். சில பழைய மெஷின்கள் யூ.எஸ்.பி. 3 துளையிலிருந்து பூட் ஆகாது. டெஸ்க்டொப்பில் முன்பக்கத் துளையை நம்பாமல் பின்பக்கம், மதர்போர்ட்டிலேயே உள்ளதில் செருகுங்கள். அப்படியும் இல்லையென்றால் பயோஸில் செக்கியூர் பூட் என்பதை அணையுங்கள்.

மின்ட் மெனு வந்து, முதல் வரியைக் கொடுத்ததும் திரை கறுத்து நின்றால் கிராஃபிக்ஸ் சிக்கல். பழைய என்விடியா அட்டைகளில் இது வழமை. திரும்ப ஆரம்பித்து, அதே மெனுவில் கம்பாட்டிபிலிட்டி மோட் என்ற வரியைத் தெரியுங்கள்.

அழிக்காமல் ஓட்டிப் பார்ப்பது

இப்போது மின்ட் பென் ட்ரைவிலிருந்தே ஓடுகிறது, ஹார்ட் டிஸ்க்கில் ஒன்றும் மாறவில்லை. உடனே இன்ஸ்டோல் ஐகொனைத் தட்டாதீர்கள். வைஃபை பட்டியல் வருகிறதா, சத்தம் கேட்கிறதா, வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் விசை, டச்பாட், கமரா வேலை செய்கின்றனவா என்று பத்து நிமிடம் பாருங்கள். பென் ட்ரைவில் மந்தமாக ஓடுவதை வைத்து வேகத்தை முடிவுசெய்ய வேண்டாம்.

ஹார்ட் டிஸ்க்கை மாற்றவில்லையென்றால் அதன் உடல்நிலையையும் இங்கேயே பாருங்கள். மெனுவில் டிஸ்க்ஸ் என்ற கருவியைத் திறந்து, டிஸ்க்கைத் தெரிந்து, மேலே மூன்று புள்ளி மெனுவில் ஸ்மார்ட் தரவைக் கேளுங்கள். பழுதான இடத்தை மாற்றிய எண்ணிக்கை, மாற்றக் காத்திருக்கும் எண்ணிக்கை என்று இரண்டு வரிகள் முக்கியம். ஆங்கிலத்தில் ரீஅலொகேட்டட் செக்டர், பென்டிங் செக்டர் என்று இருக்கும். பென்டிங் பூச்சியமாக இல்லாவிட்டால் அந்த டிஸ்க்கில் இன்ஸ்டோல் பண்ணுவது வீண் உழைப்பு.

இன்ஸ்டோல்

மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு. ஆனாலும் ஆங்கிலத்தில் வைப்பதே மேல். சிக்கல் வந்து உதவி தேடும்போது மெனுப் பெயர்கள் ஒத்துப்போகும். தமிழ் தட்டுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விசைப்பலகை இங்கிலிஷ் யூ.எஸ். மல்டிமீடியா கோடெக்ஸ் என்பதைச் சரி போடுங்கள். இல்லாவிட்டால் சில வீடியோக்கள் ஓடாது. அதற்கு இன்டர்நெட் இணைந்திருக்க வேண்டும்.

பிறகு வருவதுதான் ஒரேயொரு ஆபத்தான திரை. வின்டோஸை முழுதாக அழித்துப் போடுவதா, பக்கத்தில் வைப்பதா, நீங்களே பிரிப்பதா என்று கேட்கும். பழைய மெஷினில் இரண்டையும் வைக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. டிஸ்க் இடம் பாதியாகும், அப்டேட் கிடைக்காத வின்டோஸும் கூடவே கிடக்கும், குழப்பம் இரட்டிப்பாகும். எரேஸ் டிஸ்க் என்பதைத் தெரியுங்கள். பார்ட்டிஷன், ஸ்வொப் எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். டிஸ்க் ஒன்றுக்கு மேல் காட்டினால் பெயரை விட்டு அளவைப் பார்த்து முடிவெடுங்கள்.

வின்டோஸை வைத்தே ஆக வேண்டுமென்றால் முன்கூட்டியே வின்டோஸின் டிஸ்க் மனேஜ்மென்டில் குறைந்தது 40 ஜி.பி. சுருக்கி வெறுமையாக விடுங்கள், பவர் ஒப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள், பிட்லொக்கர் என்ற டிஸ்க் பூட்டைப் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும்வரை வின்டோஸ் அணைவது பாதித் தூக்கம்தான். லினக்ஸிலிருந்து அந்த ட்ரைவில் எழுத முடியாது. இன்னொரு வேடிக்கையும் நடக்கும்: ஒவ்வொரு முறை மாறும்போதும் மணிக்கூடு சரியாக ஐந்தரை மணித்தியாலம் பிசகும். லினக்ஸ் மதர்போர்ட் கடிகாரத்தை உலக நேரமாக வைக்கிறது, வின்டோஸ் அதையே இலங்கை நேரமென்று வாசிக்கிறது.

டிஸ்க்கே தெரியவில்லையென்றால், அல்லது இன்டெல் ஆர்.எஸ்.டி. என்று எச்சரித்தால், பயோஸில் சாட்டா முறை ரெய்ட் என்று இருக்கிறது, ஏ.எச்.சி.ஐ. ஆக்குங்கள். வின்டோஸை அழிக்கப் போகிறீர்கள் என்றால் இதில் யோசிக்க ஒன்றுமில்லை. வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் இந்த மாற்றத்தோடு வின்டோஸ் நீலத் திரையில் நிற்கும்.

நேர வலயம் கொழும்பு. பெயர், பாஸ்வேர்ட் கேட்கும். சொப்ட்வெயர் போடும்போதெல்லாம் இந்தப் பாஸ்வேர்ட் வேண்டும், எழுதி வையுங்கள். எஸ்.எஸ்.டி.யில் பதினைந்து நிமிடம், பழைய ஹார்ட் டிஸ்க்கில் முக்கால் மணி வரை போகலாம். நடுவில் கரண்ட் போனால் மெஷினுக்கு ஒன்றும் ஆகாது, திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஆனால் பழைய ஃபைல்கள் ஏற்கனவே போயிருக்கும். பற்றரி செத்த லப்டொப்பையும் டெஸ்க்டொப்பையும் யூ.பி.எஸ்.ஸில் மாட்டுங்கள். ஒக்டோபர், நவம்பர் இடிமழை நேரத்தில் தொடங்கவே வேண்டாம்.

முடிந்ததும் பென் ட்ரைவைக் கழற்றி என்டர் தட்டச் சொல்லும். திரும்பத் திறக்கையில் பூட் டிவைஸ் இல்லை என்று வந்தால் பயோஸின் பூட் வரிசையைப் பாருங்கள். யூ.ஈ.எஃப்.ஐ. மெஷினில் மின்டின் பெயர் அங்கே உபுண்டு என்றுதான் இருக்கும்; அதை முதலிடத்துக்கு ஏற்றுங்கள்.

வைஃபை இல்லாத மின்ட்

பழைய டெல், எச்.பி. லப்டொப்களில் புரோட்கொம் வைஃபை அட்டை இருந்தால் ட்ரைவர் இல்லாமல் வேலை செய்யாது. ட்ரைவர் இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்கு ட்ரைவர் வேண்டும். அன்ட்ரொய்ட் போனை யூ.எஸ்.பி. வயரால் இணைத்து, போனின் ஹொட்ஸ்பொட் செட்டிங்கில் யூ.எஸ்.பி. டெதரிங்கைப் போடுங்கள், மின்ட் அதை வயர் இணைப்பாக எடுத்துக்கொள்ளும். போனும் இல்லையென்றால் இன்ஸ்டோல் பண்ணிய பென் ட்ரைவைத் திரும்பச் செருகி ட்ரைவர் மனேஜரைத் திறங்கள். அதிலிருந்தே புரோட்கொம் ட்ரைவரை எடுத்துப் போட வழி உண்டு. சிம் போடுகிற பழைய யூ.எஸ்.பி. டொங்கிள்கள் பெரும்பாலும் செருகியவுடன் வேலை செய்யும், நெட்வேர்க் ஐகொனில் கம்பனியைத் தெரிந்தால் போதும்.

முதல் அப்டேட் பல நூறு மெகாபைட் இழுக்கும். அதற்கு முன் சொஃப்ட்வெயர் சோர்சஸில் மிரர் (அப்டேட் இறங்குகிற சேவர்) இரண்டையும் மாற்றுங்கள். பட்டியல் ஒவ்வொன்றின் வேகத்தையும் அளந்து காட்டும், மேலே வருவதை எடுங்கள். பிறகு டைம்ஷிஃப்டில் ஒரு ஸ்னப்ஷொட், அதாவது பிழைத்தால் திரும்பிவரச் சிஸ்டத்தின் ஒரு பிரதி. டிஸ்க் சின்னதென்றால் இரண்டுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம், இடத்தை விழுங்கிவிடும்.

தமிழ் தட்டுவது

தமிழ்நெட்99 பழகியவருக்கு எதுவும் இறக்கத் தேவையில்லை. கீபோர்ட் செட்டிங்கில் லேஅவுட் பகுதிக்குப் போய் இலங்கைத் தமிழ், தமிழ்நெட் 99 என்ற அமைப்பைச் சேர்த்தால் முடிந்தது. கந்தோர்களில் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகையோ, ஆங்கில ஒலிப்படி அடிக்கும் முறையோ வேண்டுமென்றால் ஐபஸ் என்ற தட்டச்சு சொப்ட்வெயர் வேண்டும். சொப்ட்வெயர் போடும் கருவியான சினாப்டிக்கைத் திறந்து ஐபஸ்-எம்17என் என்ற பொதியைத் தேடிப் போட்டு, இன்புட் மெதட் செட்டிங்கில் ஐபஸ்ஸைத் தெரிந்து, லொக் அவுட் ஆகி உள்ளே வாருங்கள். லொக் அவுட் ஆகாமல் எத்தனை தரம் தேடினாலும் தமிழ் வராது. பிறகு ஐபஸ் பிரிஃபரன்ஸில் தமிழின் கீழ் ரெங்கநாதன், தமிழ்99, ஃபொனெடிக் எல்லாம் வரிசையாக நிற்கும். வின்டோஸ் விசையோடு ஸ்பேஸ் தட்டினால் மாறும்.

இன்னும் இழுக்கிறதென்றால்

சினாப்டிக்கில் இசட்ரேம்-கொன்ஃபிக் என்ற பொதியைப் போட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்கள். ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் வித்தை, 2 ஜி.பி. மெஷினில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். எக்ஸ்.எஃப்.சி.ஈ.யில் விண்டோ மனேஜர் ட்வீக்ஸுக்குள் கம்பொசிட்டரை அணைத்தால் நிழலும் மினுக்கமும் போகும், வேகம் கொஞ்சம் வரும். யூடியூப் திக்கித் திக்கி ஓடுவதற்குப் பெரும்பாலும் காரணம், பழைய கிராஃபிக்ஸ் சிப்புக்குத் தெரியாத வி.பி.9 வகை வீடியோவை யூடியூப் அனுப்புவது. ஃபயர்ஃபொக்ஸில் எச்264இஃபை என்ற அட்-ஒன்னைப் போட்டால் பழைய வகையையே கேட்டு வாங்கும். தெளிவை 480-இல் வையுங்கள்.

பிரிண்டரில் எச்.பி.யும் எப்சன் எல் வரிசையும் அதிகம் வம்பு பண்ணாது. செருகியவுடனோ, பிரிண்டர் செட்டிங்கில் சேர்த்தவுடனோ வேலை செய்யும். கெனொனின் எல்.பி.பி.2900 போன்ற கெப்ட் வகை லேசர்களுக்குத் தனி ட்ரைவர் வேண்டும், அதைப் போடுவது இழுபறி. அதுதான் வீட்டில் இருக்கிறதென்றால் வின்டோஸ் மெஷின் ஒன்றை அதற்கென்றே விட்டுவைப்பது லாபம். புதிதாக வாங்கப் போகிறீர்கள் என்றால் மின்ட் போட்ட லப்டொப்பைக் கடைக்கே கொண்டுபோய் ஒரு டெஸ்ட் பேஜ் அடித்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.